ரேடியோவில் சொன்ன பெயர்

செப்டம்பர் மாதம் பூராவும் கொட்டித் தீர்த்த மழை அக்டோபர் பிறந்ததும் நின்றது. நின்ற கையோடு குளிர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், அந்தப் பக்கம் கனடா. இரண்டு பக்கத்திலும் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஈர நிலத்தில் இயந்திரம் இறங்காது. ஒருவழியாக நிலம் காய்ந்து, இனி இறங்கலாம் என்று எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டபோது, வாரக் கடைசிக்குள் உறைபனி வரும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. லேசான பனி என்றால் வெயில் ஏறும்வரை காத்திருந்து தோண்டலாம். கெட்டி உறைபனி இறங்கிவிட்டால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிக் கூழாகிவிடும். அப்புறம் அதைப் பன்றிகூட முகர்ந்து பார்க்காது.

ரெனே திபோதோவுக்கு ஆற்றோரத்து மேட்டு நிலம் முழுசாகப் பாக்கி இருந்தது. வீட்டில் மூன்று பேர். ரெனே, அவன் மனைவி க்ளாரிஸ், அவன் தங்கை ஜார்ஜெட். ஜார்ஜெட் கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அண்ணியை அழவைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் மிகை. க்ளாரிஸ் அவ்வளவு சுலபமாக அழுகிறவள் இல்லை.

நாலாவது ஆள் மகள் ஆனிக். பதினாறு வயது. போன வருஷம் முதல் அவள் பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் உறைவிடப் பள்ளியில் இருந்தாள். ஒரு காலத்தில் கன்னியாஸ்திரீகளின் மடமாக இருந்த கட்டடம் அது. கடைசிக் கன்னியாஸ்திரீயும் போய்ச் சேர்ந்த பிறகு அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, மாநிலம் முழுவதிலுமிருந்து கணக்கிலும் விஞ்ஞானத்திலும் புலிகளாக இருந்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, அங்கே வைத்துப் படிக்கவைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மூளைப் பள்ளி. அந்தப் பெயரில் பாதி மரியாதை, பாதி வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கத்தில் மற்ற எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் கிழங்கு அறுவடைக்கு மூன்று வாரம் விடுமுறை. டாக்டர் வீட்டுப் பிள்ளையானாலும் வயலில் இறங்கியாக வேண்டும்; இறங்காத பிள்ளையை ஊர் சோம்பேறி என்று சொல்லும். மூளைப் பள்ளிக்கு மட்டும் அந்த விடுமுறை கிடையாது. தெற்கே கடற்கரைப் பட்டணங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கிழங்கு என்பது தட்டில் வருகிற சாமான். அதற்காக யாராவது மூன்று வாரம் பாடத்தை நிறுத்துவார்களா?

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. சேரும் நாளில் பழைய பிரார்த்தனைக் கூடத்தில் பிள்ளையும் பெற்றோரும் எழுந்து நின்று, கையை உயர்த்தி, பொய் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர் அன்றைக்கு மேடையில் நின்று தெளிவாகத்தான் சொன்னார். பரீட்சையில் தோற்றால் கை கொடுப்போம். விதியை மீறினால் தண்டித்து மறுபடி சேர்த்துக்கொள்வோம். பொய் சொன்னால் மட்டும் கதவைச் சாத்திவிடுவோம், பிள்ளை சொன்னாலும் சரி, பெற்றோர் சொன்னாலும் சரி. க்ளாரிஸ் எல்லோருக்கும் மேலாகக் கையை உயர்த்தினாள். பெருமையில்தான்.

ரெனேயும் கையை உயர்த்தினான். அந்தக் கை கன்னங்கரேல் என்று இருந்தது. கூட்டம் தொடங்குவதற்குமுன் கோட்டுப் போட்ட ஒரு தகப்பன் அவனைப் பள்ளி வேலையாள் என்று நினைத்து வந்து, "இந்த ஹீட்டர் சூடே வர மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்" என்று சொல்லியிருந்தான். ரெனேயும் குளித்து, சவரம் செய்து, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தான். இருந்தும் மண்டியிட்டு உட்கார்ந்து அந்த ஹீட்டரைச் சரிசெய்துவிட்டு வந்தான்.  அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலை அவன் மிதிக்கவில்லை.

மாதம் ஒருமுறை விடுதியைப் பூட்டிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை ஆனிக் வந்தாள். ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும். அந்த ஞாயிறு காலையில்தான் ரெனேயிடம் வேலைக்கு இருந்த பையன் ஒருவன், ஆற்றுக்குக் கீழே பெரிய பண்ணையில் கூலி அதிகம் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான்.

இயந்திரம் மண்ணைத் தோண்டிக் கிழங்கை மேலே தள்ளும். கிழங்கோடு கல்லும் மண்கட்டியும் கொடியும் ஓடும் பட்டையில் ஏறி வரும். பட்டையின் இரண்டு பக்கமும் நாலு பேர் நின்று, ஓடுகிற ஓட்டத்திலேயே கல்லைப் பொறுக்கி வெளியே வீச வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு செய்தால் கிழங்கோடு கல் போய்ச் சேமிப்புக் கிடங்கில் எல்லாம் நசுங்கும். மெதுவாக ஓட்டினால் உறைபனி முந்திக்கொள்ளும்.

"ஒரு ஆள்தான் குறையுது. ஒரே ஒரு ஆள்," என்றான் ரெனே, சாப்பாட்டு மேசையில். "ஆளும் இங்கதான் உக்காந்து சாப்பிடுது."

"அவளுக்கு லீவு இல்ல ரெனே," என்றாள் க்ளாரிஸ்.

"அறுவடைக்கு லீவு விடாத பள்ளிக்கூடம் என்னடி பள்ளிக்கூடம்? என் அப்பனுக்கு விட்டாங்க, எனக்கு விட்டாங்க, உனக்கு விட்டாங்க. இவளுக்கு மட்டும் என்ன வானத்துலேருந்து குதிச்ச பள்ளிக்கூடம்?"

"விடுண்ணே," என்றாள் ஜார்ஜெட், கிழங்கை மசித்தபடி. "நகத்துல மண்ணு ஏறிருமில்ல. அப்புறம் பேனா எப்படிப் பிடிக்கிறது?"

ஆனிக் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அத்தை, நீங்க பேனா பிடிச்சு நான் பாத்ததே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜார்ஜெட்டின் கரண்டி நின்றது. ரெனே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் ஜார்ஜெட்டின் முகம் சிவந்ததை க்ளாரிஸ் பார்த்தாள். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் ஆனிக்கின் பை கதவருகே கட்டித் தயாராக இருந்தது. ரெனே வெளியே இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். க்ளாரிஸ் கார்ச் சாவியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். மேட்டு நிலம் போனால் இந்தக் குளிர்காலம் போனது. அது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கும் அவளிடம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனிக் போனதிலிருந்து அந்த வீட்டில் அவளோடு பேச ஆள் இல்லை. மூன்று நாள் கூட இருந்தால் என்ன என்று அவள் மனசு கெஞ்சியது.

"மூணே நாளும்மா," என்றாள். "வயித்துப் போக்கு, காய்ச்சல்னு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். ஒட்டிக்கிற காய்ச்சல்னா அவங்களே வராதேன்னுதான் சொல்லுவாங்க."

"வாக்குக் கொடுத்தமே, மறந்துட்டியா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

ஆனிக் தாயை நிதானமாகப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "போன்னு சொன்னா போறேன். இருன்னு சொன்னா இருக்கேன். ஆனா சொன்னது நீதான்னு ஞாபகம் வச்சுக்க."

"இரு," என்றாள் க்ளாரிஸ்.

விடுதித் தலைவி திருமதி ஹாலோவே தொலைபேசியில் ரொம்பப் பிரியமாகப் பேசினாள். தெற்குக் கடற்கரைக்காரி. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், அவசரப்பட்டுக் கூட்டி வர வேண்டாம் என்றாள். க்ளாரிஸ் போனை வைத்தாள். ஒரு நிம்மதி. பொய் இவ்வளவு லேசாகப் போகும் என்று அவள் நினைக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் தோண்டினார்கள். ரெனே டிராக்டரில். ஜார்ஜெட்டும் ஆனிக்கும் இரண்டு கூலியாட்களும் பட்டைக்கு இரண்டு பக்கமும். க்ளாரிஸ் லாரியில். இயந்திரத்தை ஒட்டியே லாரியை ஊர்ந்து ஓட்டி, கிழங்கு நிரம்பியதும் கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். காற்று ஆற்றிலிருந்து நேராக வந்து முகத்தை அறுத்தது. எல்லோரும் தலையை மூடி, வாயைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். யார் யாரென்று கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும். புழுதி பல்லில் நறநறத்தது.

"என்ன, மூளைப் பள்ளியில கல்லுப் பொறுக்கச் சொல்லிக் குடுக்கலையா?" என்று ஜார்ஜெட் முதல் நாள் கத்தினாள், இயந்திர இரைச்சலுக்கு மேலே. "கல்லைப் போக விட்டுட்டு கிழங்கைத் தூக்கி வீசற."

மதியத்துக்குள் ஆனிக்கின் கை பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, ஜார்ஜெட் பக்கத்துக் கல்லையும் அவளே எட்டி எடுத்தாள். எடுத்து, அத்தையின் முகத்துக்கு நேராக ஒரு கணம் காட்டிவிட்டு வீசினாள். "முப்பது வருஷமாப் பண்றீங்க இல்ல அத்தை? எனக்கு ஒரு காலைப்பொழுது ஆச்சு."

ஜார்ஜெட்டுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. க்ளாரிஸ் கோழி ஸ்டூ வைத்திருந்தாள். ஆனிக் மூன்று தட்டுச் சாப்பிட்டாள். ரெனே மகளின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"இப்பத்தான் திபோதோ வீட்டுக் கை மாதிரி இருக்கு," என்றான்.

"ஆறிடும்ப்பா," என்றாள் ஆனிக், கையை இழுத்துக்கொண்டு. "ரெண்டு வாரத்துல பழையபடி ஆயிடும்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் என்னவோ அணைந்துபோனது. க்ளாரிஸ் அதைக் கவனித்தாள். கவனித்ததோடு விட்டுவிட்டாள்.

எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் காலை ஐந்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே ரேடியோதான் ஓடும். கிழங்கு நேரம் என்று பெயர். இன்றைக்கு யார் தோண்டுகிறார்கள், எந்த வயலில், ஆட்கள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று லூசியன் என்பவன் வாசிப்பான். பண்ணைக்காரர்கள் முந்தின நாள் ராத்திரி அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவார்கள். கூடவே பிறந்தநாள் வாழ்த்து, தொலைந்த நாய், யார் மீதாவது ஒரு கிண்டல், எதைச் சொன்னாலும் அவன் வாசித்துவிடுவான்.

புதன்கிழமை காலை க்ளாரிஸ் அடுப்படியில் ப்ளோய் ஊற்றிக்கொண்டிருந்தாள். மரக்கோதுமை மாவைத் தோசை மாதிரிக் கல்லில் ஊற்றி, கண் கண்ணாகத் திறந்ததும் எடுத்துவிடுவது. திருப்பிப் போடுவதில்லை. ஆனிக் மேசையடியில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ரெனே காப்பியைப் பிடித்தபடி ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ரெனே திபோதோ ஆளுங்க எட்டரை மணிக்கு மேட்டு நிலத்துக்கு வந்துருங்க," என்றது லூசியனின் குரல். "இன்னியோட அங்க முடியுதாம். இன்னொரு சேதி. ரெனே மக ஆனிக், அதான் நம்ம மூளைப் பள்ளியில படிக்கிற பொண்ணு, ரெண்டு நாளா அப்பாகூட நின்னு கல்லுப் பொறுக்குதாம். எத்தனை படிச்சாலும் மண்ணை மறக்காத பொண்ணுன்னு அப்பா பெருமைப்படறார். ஒரு கும்பிடு போடுங்கப்பா."

கல்லில் இருந்த ப்ளோய் கருகியது. க்ளாரிஸ் அதை எடுக்கவில்லை.

"நீயா சொன்ன?" என்று கேட்டாள்.

"என் மகளைப் பத்தி நான் சொல்லக் கூடாதா?" ரெனே காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு பேசினான்.

"காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியும்."

"நீ என்னென்ன சொல்லி வச்சிருக்கேன்னு நான் எதுக்குடி ஞாபகம் வச்சுக்கணும்? மூளைப் பள்ளிக்காரங்க எல்லாம் கிழங்கு நேரம் கேக்கறவங்களா? ஹீட்டரே பாக்கத் தெரியாது அவங்களுக்கு."

ஆனிக் நிமிர்ந்தாள்.  அப்பாவை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே தாயிடம் வந்தாள்.

"ம்மா, இப்பவே கூட்டிட்டுப் போ. முதல் வகுப்புக்கு முன்னாடி போயிடலாம். வயலுக்குப் போனேன், தப்புதான்னு நானே சொல்லிடறேன். ரெண்டு வாரம் வெளிய நிறுத்துவாங்க. அவ்வளவுதான். நாமளே போய்ச் சொன்னா அவ்வளவுதான்."

க்ளாரிஸ் சன்னல் வழியாகப் பார்த்தாள். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. துளி மேகம் இல்லை. இன்றிரவு கெட்டி உறைபனி என்று லூசியன் அடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மேட்டு நிலத்தில் ஆற்றுப் பக்கத்து ஓரம் இன்னும் பாக்கி. இவளும் போய், லாரி ஓட்டத் தானும் இல்லாவிட்டால் இயந்திரம் வெளியே கிளம்பவே முடியாது.

"மதியம் போயிடலாம்," என்றாள்.

"மதியம்னா நேரம் தாண்டிடும்மா."

"அங்க யாரு இந்த ரேடியோவைக் கேப்பாங்க? எல்லாரும் தெக்கத்திக்காரங்க. மதியத்துக்குள்ள பாக்கி வரிசையை முடிச்சுட்டு நானே கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொல்றேன். சத்தியம்."

ஆனிக் சிரித்தாள். "சத்தியமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போனாள்.

பத்து மணி இருக்கும். க்ளாரிஸ் கிடங்கில் கொட்டிவிட்டு வந்து, வயல் ஓரத்தில் காலி லாரியோடு இயந்திரத்துக்காகக் காத்திருந்தாள். இயந்திரம் அந்தக் கோடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. சரளைச் சாலையில் ஒரு நீலக் கார் வந்து நின்றது. திருமதி ஹாலோவே இறங்கினாள். கையில் ஒரு ஃப்ளாஸ்க்.

க்ளாரிஸ் பயந்துகொண்டே லாரியிலிருந்து இறங்கினாள். ஆனால் திருமதி ஹாலோவே சிரித்துக்கொண்டு வந்தாள். ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினாள். "கோழி சூப். ஆனிக்குக்குக் கொண்டுவந்தேன். வீட்டுல யாரும் இல்ல, அதான் இங்க வந்தேன். எப்படி இருக்கா?"

அந்தச் சிரிப்புதான் க்ளாரிஸைக் கவிழ்த்தது. இவளுக்குத் தெரியாது என்று நினைத்தாள். மதியம்வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு தொண்டைவரை வந்தது. வாயில் வேறு வந்தது.

"பரவால்ல மேடம். தூங்கறா."

"வீட்டுலயா? கதவைத் தட்டினேன், சத்தமே இல்லையே."

"மேல, அவ ரூம்ல. அசந்து தூங்கறா."

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

"ராத்திரி லேசா இருந்துச்சு."

"நான் போய் ஒரு நிமிஷம் பாத்துட்டு வரவா? கூட நீங்களும் வாங்க."

"வேணாம் மேடம். உங்களுக்கும் ஒட்டிக்கும்."

இயந்திரம் கிட்டே வந்துவிட்டது. துணியால் மூடிய நாலு உருவங்கள் குனிந்து குனிந்து கல்லை வீசிக்கொண்டிருந்தன. திருமதி ஹாலோவே அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு மெல்ல மறைந்தது.

"எங்க சமையக்கட்டுல அஞ்சு மணிக்கு இந்த ஊரு ரேடியோதான் ஓடுது க்ளாரிஸ். சமையக்காரம்மா எல்லாரும் உங்க ஊர்க்காரங்கதானே? அவங்க வந்து சந்தோஷமாச் சொன்னாங்க, நம்ம பொண்ணு பேரு ரேடியோல வந்துச்சுன்னு."

க்ளாரிஸ் இயந்திரத்தின் பக்கம் திரும்பி ஆனிக்கைத் தேடினாள்.

"அறுவடைக்கு ஆள் இல்ல, நிறுத்திக்கிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருப்போம். தலைமையாசிரியர்கிட்ட அப்படித்தான் பேசிட்டு வந்தேன். அதுக்குத்தான் நானே வந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டீங்களா?"

"நாலு தடவை கேட்டேன்." திருமதி ஹாலோவேயின் குரல் உயரவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "அவளோட சாமானெல்லாம் கட்டி வைக்கச் சொல்றேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கங்க."

"தப்பு என் மேல மேடம். பொய் சொன்னது நான்தான். அவ ஒண்ணும் சொல்லல."

"கையைத் தூக்கினது நீங்களும்தானே?"

ஃப்ளாஸ்க்கை க்ளாரிஸின் கையில் வைத்தாள். "இது அவளுக்குத்தான். குடுத்துருங்க. ஃப்ளாஸ்க்கைத் திருப்பித் தர வேணாம்." பட்டையில் நின்ற உருவங்களை நோக்கிக் கையசைக்கப் போனவள் பாதியில் கையை இறக்கிக்கொண்டு காருக்குப் போனாள்.

இயந்திரம் வரப்போரம் வந்து நின்றது. ஆனிக் இறங்கி, முகத்துணியை இழுத்துவிட்டு, லாரிக்கு வந்தாள். நீலக் கார் வளைவில் மறைவதைப் பார்த்தாள்.

"என்ன சொன்ன?"

க்ளாரிஸ் ஃப்ளாஸ்க்கை லாரி இருக்கையில் வைத்தாள்.

"ம்மா. என்ன சொன்ன?"

"தூங்கறன்னு சொன்னேன்," என்றாள் க்ளாரிஸ். "மேல, உன் ரூம்ல."

ஆனிக் தலையை ஆட்டினாள். கணக்கில் விடை சரியாக வந்தது மாதிரி ஆட்டினாள். முகத்துணியை மறுபடி கட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"எங்கடி போற?"

"வேலைக்கு."

ரெனே டிராக்டரிலிருந்து லாரியை எடுக்கச் சொல்லிக் கத்தினான். க்ளாரிஸ் ஏறி எடுத்தாள். கண் மறைத்தது, பாதை மட்டும் பழக்கத்தில் தெரிந்தது. வரிசையில் பாதி போயிருக்கும், பின்னால் லாரித் தொட்டியில் டம்மென்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. கல். கிழங்கோடு சரமாரியாகக் கல் விழுந்தது. ஜார்ஜெட் கூச்சலிட்டாள். ரெனே இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு? கையைக் கட்டிக்கிட்டு நிக்கற?"

ஆனிக் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தாள். "தூங்கிட்டிருக்கேன்ப்பா," என்றாள். "மேல, என் ரூம்ல."

ரெனேவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. க்ளாரிஸ் லாரியிலிருந்து இறங்கி வந்து, பள்ளியிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாள்.  அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"சரி," என்றான். "இருட்டறதுக்குள்ள முடிக்கணும்."

முடித்தார்கள். ஆனிக் அப்புறம் ஒரு கல்லைக்கூடத் தவறவிடவில்லை.

இரவு க்ளாரிஸுக்கு அடுப்பு மூட்டக் கை வரவில்லை. ஜார்ஜெட்தான் அந்த ஃப்ளாஸ்க் சூப்பைச் சட்டியில் ஊற்றிச் சூடாக்கி வைத்தாள். ரெனே ஒரு கிண்ணம் குடித்தான்.

"உப்பே இல்ல," என்றான்.

"ஏன் ரெனே அப்படிப் பண்ணின?" என்று கேட்டாள் க்ளாரிஸ். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கேள்வி. அடக்கி வைத்ததில் அதன் கோபமெல்லாம் போய் வெறும் கேள்வியாக வந்தது.

"பெருமைக்குச் சொன்னேன். எத்தனை தடவை சொல்றது?" ரொட்டியைப் பிய்த்தான். "ஒரு வருஷமா அவங்க பிள்ளையா இருந்தா. ஒரு நாள் என் பிள்ளையா இருக்கட்டும்னு நெனச்சேன். அதுக்குக்கூட எனக்குப் பாத்தியதை இல்லையா?"

"அவ எடம் போச்சு."

"எடம் இங்க இல்லையா? இந்த வீட்டுல எடம் இல்லையா?"

ஜார்ஜெட் வழக்கமாக இங்கே ஏதாவது சொல்லியிருப்பாள். ஆனிக்கைப் பார்த்தாள். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து, தொடாத கிண்ணத்தில் சூப்பின் மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜார்ஜெட் எழுந்து தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு நடந்த ஒரே இரக்கமான காரியம் அதுதான்.

உறைபனி வரவில்லை. ராத்திரி நடுவில் எப்போதோ மேகம் திரண்டு ஆற்றின் மேல் கவிந்துகொண்டது. வியாழக்கிழமை விடிவதற்குமுன் க்ளாரிஸ் எழுந்து வந்தபோது கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து கையை நீட்டினாள். கோடை திரும்பி வந்தது மாதிரி காற்று வெதுவெதுப்பாக இருந்தது. பாக்கி நிலத்தை இன்னும் நாலு நாள் கழித்துக்கூடத் தோண்டியிருக்கலாம். அவள் கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்து மாவைக் கலக்கினாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஆனிக் கடைசியாக வந்தாள். கண் வீங்கவில்லை. தலை சீவி, வேலைக்குப் போட்ட அதே அழுக்குக் கால்சட்டையைப் போட்டிருந்தாள். ரெனே எட்டி ரேடியோவைத் திருகினான்.

"வானம் நம்மளை ஏமாத்திருச்சு, நல்லபடியா ஏமாத்திருச்சு," என்று லூசியன் சிரித்தான். ஒவ்வொரு பண்ணையாக வாசித்தான். கடைசியில், "ரெனே திபோதோ வேலை முடிஞ்சுபோச்சு. ஆளுங்களுக்கெல்லாம் நன்றி சொல்றார். அப்புறம், அவர் மக ஆனிக் இனிமே வீட்டுலதான் இருக்குமாம். கை நல்லா ஓடுது, ஒரு கல்லைக்கூட விடாதுன்னு சொல்றார். ஆள் குறையுற பண்ணைக்காரங்க அவர் வீட்டுக்குப் போன் பண்ணலாம்."

 க்ளாரிஸ் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வெண்ணெய்க் கத்தியை ப்ளோய் மேல் தடவிக்கொண்டிருந்தான்.

"என்ன பாக்கற?" என்றான். "நல்ல வார்த்தைதானே சொல்லியிருக்கேன்."

லூசியன் அடுத்த சேதிக்குப் போவதற்குள் சுவரில் இருந்த போன் அடித்தது. க்ளாரிஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். எடுத்து, இல்லை, அவள் வரமாட்டாள், தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லத்தான் ஓடினாள். ஆனிக் அவளுக்கு முந்திக்கொண்டாள்.

"ஆமா, நான்தான் பேசறேன்," என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சு, இழுப்பும் ராகமுமாக. போன வருஷத்திலிருந்து அவள் வாயில் அது வந்ததில்லை. "காலியாத்தான் இருக்கேன். எத்தனை மணிக்கு வரணும்? சரி. பூட்ஸ் இருக்கு. சரி."

போனை மாட்டினாள். மேசைக்கு வராமல் அடுப்படிக்கு வந்து, தாயின் பக்கத்தில் நின்று, சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஏழு மணிக்காம்," என்றாள். "சாப்பாடு கட்டிக் குடும்மா. அந்த சூப்பு மிச்சம் இருக்கில்ல, அதையே ஊத்திக் குடு. எனக்குன்னுதானே கொண்டுவந்தாங்க."